தண்ணீருக்கு நில்லாத எஞ்சின்

நீராவி எஞ்சின் நிலக்கரியைத் தின்று ஓடுவது என்பது வழக்கு. உண்மையில் அது தின்ற கரியைவிடக் குடித்த நீரே பன்மடங்கு அதிகம். ஒரு பவுண்டு நிலக்கரி எரிந்தால் கொதிகலத்தில் ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு பவுண்டு நீர் ஆவியாகும். அந்த ஆவி சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளி வேலையை முடித்ததும் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். மீண்டும் கொதிகலத்துக்குத் திரும்பாது. எனவே, எத்துணை வலிமை வாய்ந்த எஞ்சினாயினும் வழியில் பல முறை நீர்த்தொட்டியின் அருகே நின்றே தீரவேண்டும்.

ஆறும் ஏரியும் உள்ள நாட்டில் இது பெரிய குறையாகத் தோன்றாது. பாலைவனத்தில் நிலைமை வேறு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் சிக்காகோ நகரையும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரையும் இணைத்த சான்டா ஃபே ரெயில்வேயின் பாதை, அரிசோனா மாநிலத்து வின்ஸ்லோவுக்கும் கலிஃபோர்னியா மாநிலத்து பார்ஸ்டோவுக்கும் இடையே வறண்ட நிலத்தினூடே செல்கிறது. அங்கே நல்ல நீர் அரிது. கிடைக்கும் நீரிலும் உப்பு மிகுதியாதலால் கொதிகலத்தில் காரை படியும். ஆகவே வெகு தொலைவிலிருந்து தொட்டி வண்டிகளில் நீரைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டியிருந்தது. சரக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய ரெயில்வே, தன் எஞ்சின்களின் தாகத்தைத் தீர்ப்பதற்காகவே தனி வண்டிகளை ஓட்டியது.

இத்தொல்லைக்கு முடிவு கட்டியது, 1939ஆம் ஆண்டு வெளிவந்த நான்கு இருசு டீசல் சரக்கு எஞ்சின். அதன் பெயர் எஃப்.டி. நீராவியை அது வென்றது வலிமையினால் என்று பலரும் எண்ணுவர். வலிமையைவிட, நில்லாமல் ஓடும் தன்மையே அதற்கு வெற்றி தேடித்தந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம். அவ்வாறு நில்லாமற்போனதால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் உடன் காண்பது நம் கடமை.

குழப்பம் நேராதிருக்க ஒரு விளக்கம். தண்டவாளத்தில் வண்டித் தொடரை இழுத்துச் செல்லும் ஊர்தி முழுவதையும் இங்கே 'எஞ்சின்' என்றும், அதனுள்ளே எண்ணெயை எரித்துச் சக்தி தரும் உறுப்பைப் 'பொறி' என்றும் குறிப்போம். இரு சக்கரங்களை இணைக்கும் உருளைக் கம்பியே 'இருசு'. ரெயில்வேயில் இதை அச்சு என்றும் வழங்குவர்.

பொறி பிறந்த கதை

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளரின் பொறி 1897இல் வெற்றிகரமாக இயங்கியது. காற்றை மிக அழுத்தி, அவ்வழுத்தத்தால் எழும் வெப்பத்திலேயே எண்ணெயைப் பற்றச் செய்வது அதன் தத்துவம். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறேழு பங்கையே நீராவி ரெயில் எஞ்சின் இழுப்பு வேலையாக மாற்றியது; டீசல் எஞ்சினோ கால் பங்கு அளவுக்கு மாற்றவல்லது. எனினும் நாற்பது ஆண்டுக் காலம் அது தண்டவாளத்தில் நீராவிக்கு ஈடாக நிற்க முடியவில்லை. பொறியின் பளுவே அதற்குக் காரணம். தொழிற்சாலையில் அசையாது நிற்கும் பொறி எவ்வளவு கனமாக இருந்தாலும் கேடில்லை. எஞ்சினில் ஏற்றும் பொறி கனத்தால் சரக்குக்கு ஆற்றல் மிஞ்சாது.

1922இல் ஹெரால்டு ஹாமில்டன் என்பவர் தொடங்கிய எலெக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனத்தையும், பொறிகள் செய்துவந்த விண்டன் நிறுவனத்தையும் ஜெனரல் மோட்டார்ஸ் 1930இல் வாங்கியது. அதன் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டெரிங் எடை குறைந்த டீசல் பொறியை உருவாக்குவதில் முனைந்தார். அம்முயற்சியில் விளைந்த பொறியைத் தாங்கிய பர்லிங்டன் ரெயில்வேயின் 'ஸெஃபிர்' என்னும் பயணி வண்டி, 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிக்காகோ வரையுள்ள 1,015 மைலை 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. வேகம் நிரூபணமாயிற்று. ஆனால் அது இலேசான பயணி வண்டி. ஆயிரக்கணக்கான டன் சரக்கை மலைமேல் ஏற்ற டீசலால் இயலுமா என்ற ஐயம் நீங்கவில்லை.

அதற்கு விடையாக 1938இல் வந்தது '567' எனப்படும் பொறி. இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் கெட்டெரிங்கின் மகன் யூஜீன் கெட்டெரிங். பெயரின் பொருளை மாணவர்களே கணக்கிட்டு அறியலாம். சிலிண்டரின் விட்டம் 8½ அங்குலம். பிஸ்டன் நகரும் தூரம் 10 அங்குலம். உருளையின் கன அளவைக் காணும் வாய்ப்பாட்டில் இவற்றை இட்டால் 567 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.3 லிட்டர் கிடைக்கும். இத்தகைய சிலிண்டர்கள் பதினாறு, இரு வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டன. இது ஈரடிப் பொறியாதலால், தண்டு ஒரு முறை சுற்றும்போதெல்லாம் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வேலை செய்யும். நிமிடத்துக்கு 800 சுற்றில் அது 1,350 குதிரைத்திறன் தந்தது.

நான்கு இருசுகள் எதற்கு?

டீசல் பொறிக்கு ஓர் இயல்பான குறை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அது சக்தி தரும்; நின்ற நிலையில் அதனால் எதையும் தள்ள முடியாது. நீராவியோ, பிஸ்டன் அசையாது நிற்கும்போதும் அதை அழுத்தும். ஆகவே டீசல் பொறியை நேரே சக்கரத்தோடு பிணைப்பது சரக்கு எஞ்சினுக்கு ஒவ்வாது. எஃப்.டி. எஞ்சினில் பொறி ஒரு மின்னாக்கியைச் சுழற்றும். அதில் பிறக்கும் மின்சாரம் கீழேயுள்ள மோட்டார்களுக்குச் செல்லும். மோட்டார்கள் பற்சக்கரங்களின் மூலம் இருசுகளைத் திருப்பும். மின் மோட்டாரின் சுழல்விசை, அது நின்ற நிலையிலிருந்து புறப்படும் வேளையில்தான் மிகுதி. பொறியின் குறையை மோட்டார் இவ்வாறு நிறைவு செய்கிறது.

அந்நிறுவனம் 1937 முதல் கட்டிவந்த பயணி எஞ்சின்களில் ஆறு இருசுகள் இருந்தன. ஒவ்வொரு போகியிலும் நடு இருசு பளுவைத் தாங்குமேயன்றி, அதற்கு மோட்டார் இல்லை. வேகமாகச் செல்லும் பயணி வண்டிக்கு அது பொருந்தும். சரக்கு எஞ்சினுக்குப் பொருந்தாது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றும் பிடிப்பு, அதன்மேல் அமரும் எடையைப் பொறுத்தது. மோட்டார் இல்லாத இருசின் மீதுள்ள எடை இழுப்புக்கு உதவாத எடையாகும். எனவே தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் டில்வொர்த்தும் அவர் குழுவினரும் சரக்கு எஞ்சினுக்கு நான்கே இருசுகள் வைத்து, நான்குக்கும் மோட்டார் பொருத்தினர். மார்ட்டின் ப்ளாம்பெர்க் வகுத்த ஈரிருசுப் போகிகள் இரண்டு அதனைத் தாங்கின.

ஓர் அலகின் எடை சுமார் 2,30,000 பவுண்டு. உலர்ந்த தண்டவாளத்தில் பிடிப்பு எடையில் நான்கில் ஒரு பங்கு எனக் கொண்டால், புறப்படும்போது கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 57,500 பவுண்டு. இத்தகைய அலகுகள் நான்கைச் சேர்த்தால் 5,400 குதிரைத்திறனும், 2,30,000 பவுண்டு இழுவிசையும் கிடைக்கும். நான்கையும் முன்னறையிலிருந்து ஒரே ஓட்டுநர் இயக்குவார்.

இதனை, 1941இல் யூனியன் பசிஃபிக் ரெயில்வேயில் வந்த 'பிக் பாய்' என்னும் மாபெரும் நீராவி எஞ்சினோடு ஒப்பிடுவோம். நீரும் கரியும் ஏற்றிய பின்வண்டியுடன் அதன் எடை சுமார் 12 இலட்சம் பவுண்டு. ஆனால் இழுக்கும் சக்கரங்களின் மேல் அமர்ந்த எடை 5,40,000 பவுண்டுதான். அதன் இழுவிசை 1,35,375 பவுண்டு. அதன் எடையில் பாதிக்கு மேல் பிடிப்புக்கு உதவவில்லை. டீசல் அலகுகளின் எடை முழுவதும் உதவியது. இதனால் நீராவி எஞ்சின் வலிமையற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது. நல்ல வேகத்தில் ஓடும்போது 'பிக் பாய்' தந்த குதிரைத்திறன் நான்கு எஃப்.டி. அலகுகள் தந்ததைவிட அதிகம். டீசலுக்கும் எல்லை உண்டு. மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் முழு விசையோடு இழுத்தால் மோட்டார்களின் கம்பிச் சுருள் சூடேறிக் கெட்டுவிடும்.

பதினொரு மாதச் சோதனை

1939 நவம்பரில் 103 என்னும் எண் தாங்கிய நான்கு அலகு எஞ்சின் நாடு சுற்றப் புறப்பட்டது. அதன் நீளம் சுமார் 193 அடி. பதினொரு மாதங்களில் அது 20 ரெயில்வேக்களில், 35 மாநிலங்களில், 83,764 மைல் ஓடியது. உறைபனியில் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும், கோடையில் ஃபாரன்ஹீட் 115 பாகையிலும் வேலை செய்தது. கடல் மட்டத்திலிருந்து 10,200 அடிக்கு மேற்பட்ட கணவாய் வரை ஏறியது. ஐயங்கொண்டிருந்த ரெயில்வே அதிகாரிகளின் கண்ணெதிரே, அவர்களது சொந்தப் பாதையிலேயே, அவர்களது சொந்தச் சரக்கை இழுத்துக் காட்டியதுதான் இச்சோதனையின் சிறப்பு. விளம்பரத் தாளில் அச்சிட்ட எண்களைவிட இந்த மைல்கள் அதிகம் பேசின.

முதலில் வாங்க முன்வந்தது சான்டா ஃபே ரெயில்வே. அதற்கு வியப்பில்லை, நீருக்கு அதிகமாக வருந்தியது அதுவே. 1941 பிப்ரவரியில் அதன் 100ஆம் எண் எஞ்சின், 68 வண்டிகளில் 3,150 டன் பளுவுடன், கான்சாஸ் நகரத்தை அடுத்த ஆர்ஜென்டைனிலிருந்து கலிஃபோர்னியா நோக்கிப் புறப்பட்டது. நீராவி எஞ்சின்களைக் கொண்டு அவ்வழியே செல்லும் சரக்கு வண்டி, எரிபொருளுக்கும் நீருக்குமாக ஏறத்தாழ 35 இடங்களில் நிற்கும். வழியில் எஞ்சினையும் பல முறை மாற்ற வேண்டும். டீசலுக்கு ஐந்து நிறுத்தங்கள் போதுமாயின. இறுதிவரை இழுத்துச் சென்றது ஒரே எஞ்சின்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனையில் டீசல் காட்டிய பெரும் இலாபம் ஓட்டத்தின் வேகத்தில் இல்லை. நில்லாத நேரத்தில் இருந்தது. ஒரு நிறுத்தத்தில் செலவாவது நீர் நிரப்பும் நேரம் மட்டுமன்று. மூவாயிரம் டன் பளுவை நிறுத்துவதற்கு ஒரு நேரம், மீண்டும் பழைய வேகத்துக்குக் கொண்டுவர ஒரு நேரம், பின்னே வரும் வண்டி காத்திருக்க ஒரு நேரம். பயணம் முடிந்த பின்னும் நீராவி எஞ்சினுக்கு ஓய்வில்லை. சாம்பலை அள்ள வேண்டும், கொதிகலத்தைக் கழுவ வேண்டும், தீ மூட்டி ஆவி எழும்வரை மணிக்கணக்கில் காக்க வேண்டும். டீசல் எஞ்சினோ எண்ணெய் நிரப்பிச் சோதித்தவுடன் மறுபயணத்துக்கு அணியமாகிவிடும். ஆண்டின் நாட்களில் எத்தனை நாள் ஓர் எஞ்சின் சரக்கோடு ஓடுகிறது என்று கணக்கிட்டபோதுதான் வேறுபாடு முழுவதும் புலப்பட்டது.

இறக்கத்தில் ஓர் உதவி

மலைப்பாதையில் ஏறுவதைவிட இறங்குவதே அச்சம் தருவது. கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய் போன்ற நெடிய சரிவில், சக்கரத்தின் மேல் தடைக்கட்டையை நெடுநேரம் அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கரம் தகதகவெனச் சூடேறும். ஆகவே நீராவிக் காலத்தில் சரக்கு வண்டிகள் வழியில் நின்று சக்கரங்களை ஆறவிட்டுச் செல்வது வழக்கம்.

மோட்டாரைச் சுழற்றினால் அது மின்னாக்கியாகும் என்பது பௌதிக வகுப்பில் கற்பிக்கும் பாடம். இறங்கும் வண்டியே எஞ்சினின் சக்கரங்களைச் சுழற்ற, அவற்றோடு பிணைந்த மோட்டார்கள் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. அம்மின்சாரத்தைக் கூரையருகே உள்ள தடைச் சுருள்களில் செலுத்தி வெப்பமாக்கி, விசிறியால் காற்றில் கலந்துவிட்டால், வண்டியின் வேகம் மட்டுப்படுகிறது. சான்டா ஃபே ரெயில்வேயின் எஃப்.டி. எஞ்சின்களில் இந்த மின்தடை ஏற்பாடு அமைந்திருந்தது. தடைக்கட்டையும் சக்கரமும் தேய்வது குறைந்தது. ஆறவிடுவதற்கென நிற்கும் நேரமும் குறைந்தது.

போர்க்காலத்தில்

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. பசிஃபிக் கடற்கரைத் துறைமுகங்களை நோக்கிச் சரக்குகள் வெள்ளமெனப் பெருகின. 1942இல் போர் உற்பத்தி வாரியம், எந்தத் தொழிற்சாலை எவ்வகை எஞ்சினைக் கட்டலாம் என்று வரையறுத்தது. நெடும்பாதைக்குரிய சரக்கு டீசல் எஞ்சின்களைக் கட்டும் பணி பெரும்பாலும் எலெக்ட்ரோ-மோட்டிவ் பிரிவுக்கே கிடைத்தது. நீரின்றி வருந்திய சான்டா ஃபே பாதைக்கு அவற்றுள் பெரும் பங்கு சென்றது. அந்த ரெயில்வே மட்டும் மொத்தம் 320 அலகுகளைப் பெற்றது. 1945இல் உற்பத்தி நின்றபோது, ஓட்டுநர் அறை உள்ள அலகுகள் 555, அறை இல்லாதவை 541, ஆக 1,096 எஃப்.டி. அலகுகள் கட்டப்பட்டிருந்தன.

போருக்குப் பின் அதே நான்கு இருசு அமைப்பில் ஆற்றல் கூடிய எஞ்சின்கள் தொடர்ந்தன. 1949இல் டில்வொர்த் வகுத்த ஜி.பி. 7 என்னும் எஞ்சின், அழகிய மூக்கையும் மூடிய உடலையும் கைவிட்டு, இருபுறமும் பார்த்து ஓட்டக்கூடிய குறுகிய உடலோடு வந்தது. நெடும்பாதையிலும் நிலைய முற்றத்திலும் ஒன்றே வேலை செய்தது. 1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெரிய ரெயில்வேக்களில் நீராவியின் அன்றாடப் பணி முடிவுற்றது.

வண்டி நில்லாத ஊர்கள்

35 நிறுத்தங்கள் ஐந்தாகக் குறைந்தன என்று மேலே கண்டோம். நீங்கிய முப்பது நிறுத்தங்களும் வெறும் எண்கள் அல்ல. அவற்றுள் பல, ஊர்கள். நீர் இறைப்போர், கரி ஏற்றுவோர், கொதிகலம் பழுது பார்ப்போர், எஞ்சின் மாறும்வரை தங்கும் ஓட்டுநர்கள், அவர்களுக்குச் சோறிடும் விடுதிகள், அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஆகிய அனைத்தும் எஞ்சினின் தாகத்தை நம்பியே பாலைவனத்தில் எழுந்தவை. ஃபிரெட் காட்ரெல் என்னும் சமூகவியல் அறிஞர், டீசலின் வருகையால் வாழ்விழந்த அத்தகைய ஊர் ஒன்றை ஆராய்ந்து 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரெயில்வேயை நம்பி வீடு கட்டியவர், கடை வைத்தவர், ஊருக்காக உழைத்தவர் ஆகியோரே மிகுதியும் இழந்தனர் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். முதலீடு ஏதுமின்றி இருந்தவர் வேறிடம் சென்று பிழைத்துக்கொள்ள முடிந்தது. ஊரில் வேரூன்றியவருக்கு அது எளிதாயில்லை.

எஞ்சினுக்குள்ளும் இதே வினா எழுந்தது. கரி தள்ளும் வேலை டீசலில் இல்லை. எனினும் 1937இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தீயாளர் என்னும் பெயரில் இரண்டாவது ஆள் ஓட்டுநருக்கு அருகே அமர்ந்திருந்தார். பாதுகாப்புக்கு இரு கண்களுக்கு நான்கு கண்கள் மேல் என்று தொழிலாளர் வாதித்தனர். வேலையில்லாதவருக்குக் கூலி தருவதா என்று ரெயில்வேக்கள் வாதித்தன. கால் நூற்றாண்டு நீண்ட இவ்வழக்கில், 1963 நவம்பரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. சரக்கு வண்டிகளிலும் நிலைய முற்றங்களிலும் தீயாளர் பணியிடங்களில் பெரும்பாலானவற்றைப் படிப்படியாக நீக்கலாம் என்பது அத்தீர்ப்பு.

நம் நாட்டில்

567 வகைப் பொறி நம் நாட்டுக்கும் வந்தது. 1962இல் இந்திய ரெயில்வே வாங்கிய டபிள்யூ.டி.எம். 4 வகை எஞ்சின்கள் 72லும் இப்பொறியின் வளர்ந்த வடிவமே இருந்தது. ஆனால் அவற்றுக்கு நான்கு இருசுகள் அல்ல, ஆறு. காரணம் எளிது. எஃப்.டி. அலகின் எடையை நான்கால் வகுத்தால் ஓர் இருசுக்கு ஏறத்தாழ 26 டன் வரும். அன்றைய நம் பாதைகளும் பாலங்களும் அவ்வளவைத் தாங்க வகுக்கப்பட்டவை அல்ல. பின்னர் வாரணாசியில் பெருமளவில் கட்டப்பட்ட டபிள்யூ.டி.எம். 2 எஞ்சினின் எடை 112.8 டன், ஆறால் வகுத்தால் இருசுக்கு 18.8 டன். எத்தனை இருசு என்பதை எஞ்சினை வகுப்பவர் மட்டும் முடிவு செய்வதில்லை. தண்டவாளமும் முடிவு செய்கிறது.

வாரணாசித் தொழிற்சாலை தன் முதல் எஞ்சினை 1964 ஜனவரியில் வெளியிட்டது ஆல்கோ நிறுவனத்தின் வடிவப்படியாகும். 567இன் வழித்தோன்றலோ பின்னர் மீண்டும் வந்தது. அதன் சிலிண்டர் 645 கன அங்குலமாகவும், பின் 710 ஆகவும் பெருத்தது. அந்த 710 வகைப் பொறி தாங்கிய டபிள்யூ.டி.ஜி. 4 சரக்கு எஞ்சின்கள் 1999 முதல் நம் பாதைகளில் ஓடலாயின. இன்று நம் அகலப் பாதைகளில் மிகப் பெரும் பகுதி மின்மயமாகிவிட்டது. எண்ணெய்க்கும் நில்லாத எஞ்சின் வந்துவிட்ட நிலையில், முன்பு நீராவிக்கு நேர்ந்தது இப்போது டீசலுக்கு நேர்கிறது. டீசல் பணிமனைகளில் தேர்ந்த கைகளுக்கு மின் எஞ்சின் பணியைக் கற்பிக்கும் கடமையும் அதனோடு வருகிறது.

நாடு சுற்றிய 103ஆம் எண் எஞ்சினின் முன் அலகு செயின்ட் லூயிஸ் நகரப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆசிரியர்கள் இப்பாடத்தை நடத்துகையில் மாணவருக்கு இரண்டு கணக்குகளைத் தரலாம். ஓர் எஞ்சினின் எடையையும் இருசுகளின் எண்ணிக்கையையும் கொண்டு அதன் இழுவிசையை மதிப்பிடுவது ஒன்று. தம் ஊர் ரெயில் நிலையத்தில் முன்பு நீராவி எஞ்சின் நின்றபோது எத்தனை பேர் எத்தனை விதமான வேலை செய்தனர் என்பதை முதியோரிடம் கேட்டுப் பட்டியலிடுவது மற்றொன்று. முதற்கணக்கைச் செய்த மாணவன் எஞ்சினை அறிவான். இரண்டையும் செய்தவன், ஒரு புதிய எஞ்சின் வரும்போது எவற்றையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதையும் அறிவான்.